கன்று மேய்பாழ் யாருக்குச் சொந்தம்?



திருவாலங்காடு என்றதும் பலர் காரைக்கால் அம்மையாரைச் சொல்வார்கள்; வரலாறு படித்தவர்கள் செப்பேட்டைச் சொல்வார்கள். முதலாம் இராசேந்திரன் பழையனூரை இவ்வூர்க் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சோழர் காலக் கொடை ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘கன்று மேய்பாழ்’. கால்நடை மேயும் தரிசும் ஊரின் உறுப்பாகக் கணக்கில் இருந்தது. தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. வரி தராத நிலம் மேய்ச்சலுக்கு, வரி தராத இடம் சேரிக்கு. அந்தக் கணக்கின் தொடர்ச்சியைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நம் மக்களின் ஆடுமாடு நெடுங்காலம் சொந்த நிலத்தில் மேயவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் தரிசைக் கேட்டு ஒரு பறையர் மனுப் போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கே இருந்தது. கலெக்டர் திரமென்கீர் இந்த நிலையை அறிக்கையாக எழுதிய பிறகே, 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்த நிலமும் கைமாறியது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நிலம் இல்லாதவர்களுக்கு மிஞ்சியவை மேய்க்கால் புறம்போக்கும் ஏரியும்தான். அதை நம்பித்தான் ஊராரின் கன்றை வாரத்துக்கு வாங்கி வளர்த்தார்கள். ஆட்டை விற்றுப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டினார்கள்.

இந்த வட்டாரத்தின் மேய்ச்சலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். வயலில் சம்பா நிற்கும். அப்போது மாடுகள் மேட்டுக் காட்டுக்குப் போகும். தை அறுவடைக்குப் பின் தாளடிக்கு வரும். சித்திரையில் நீர் வற்றியதும் ஏரி உள்வாய்ப் புல்லுக்கு இறங்கும். காடு, வயல், ஏரி மூன்றும் இருந்தால்தான் ஓர் ஆண்டு நிறையும். ஒன்று போனாலும் சில மாதம் மாடு பட்டினி.

முதலில் காடு போனது. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகையில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். அவர்கள் காத்துவந்த சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு சிப்காட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 2009இல் மிச்செலின் டயர் நிறுவனம் அங்கு வர அரசுடன் ஒப்பந்தம் செய்தது. மரங்கள் வெட்டப்பட்டன, எதிர்த்தவர்கள் கைதானார்கள். 2012இல் பிரான்சிலுள்ள ஓஇசிடி தொடர்பு அமைப்பிடம் முறையீடு போனது. நிறுவனம் நெறிகளை மீறவில்லை என்று 2013இல் அந்த அமைப்பு சொன்னது. ஆனால் ஆடுகளுக்கு அந்தத் தீர்ப்பு புல் தரவில்லை.

அடுத்து ஏரி. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 1944இல் பூண்டி கட்டப்பட்டதிலிருந்தே நகரத்தின் தாகத்தை இந்த மாவட்டம் சுமக்கிறது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீர்த்தேக்கத்தில் நீர் நின்றால் சித்திரைப் புல் இல்லை. அந்த இழப்பை யார் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்கிறோம்.

மிஞ்சிய வயல்களில் மனைக்கற்கள் நிற்கின்றன. அறுவடை எந்திரம் வைக்கோலை நொறுக்கிப் போடுகிறது. இதன் மேல்தான் பருவநிலை மாற்றம் வந்து விழுகிறது. 2015 மழையும் 2023 மிக்ஜாம் புயலும் காட்டியதைப் போல, ஒரு பருவத்து மழை சில நாளில் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகுகிறது. மழைக்குப் பின் வரும் இளம்புல்லில் துள்ளுமாரி வருகிறது. கோடை வெப்பத்தில் கலப்பினப் பசுவின் பால் குறைகிறது. நிழலுக்கு மரமிருந்தால் மாடு தாங்கும். வெப்பம் எல்லோர் மீதும் விழுகிறது; நிழலை இழந்தவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

2011இல் தமிழக அரசு நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் ஒரு கை ஆட்டைக் கொடுக்க, மறு கை மேய்க்காலை எடுத்தால் அந்த ஆடு எங்கே போகும்? சாலையோரத்துக்கும் சந்தைக்கும்தான்.

அதே 2011 சனவரியில், ஜக்பால் சிங் வழக்கில் பொதுநிலங்களைக் காக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆக்கிரமிப்பு என்ற பெயரில் நம் குடிசையை அகற்ற அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போது காட்டுவதில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். எந்தச் சர்வே எண் மேய்க்கால், எது பஞ்சமி, எது ஏரி என்று எழுதுங்கள். பிறகு மாடு மேய்க்கும் மூத்த பெண்களிடம், அங்கே இன்று என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிராம சபையில் படியுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் செப்பேட்டில் நம்மை யாரோ எழுதினார்கள். இந்தக் கணக்கை நாமே எழுதுவோம்.

ஜெய் பீம்.