கடைசிப் பெட்டி யாருடையது?

நான் லைன்மேனாக இருந்த காலத்தில் சந்தாதாரர் வீட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்த கறுப்பு டயல் போனும் சர்க்கார் சொத்துதான். 1948இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலைச் சரக்கு. கீழே போட்டாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது, தரைதான் பெயரும். புகார் வந்தால் கம்பத்து டி.பி. பெட்டியைத் திறந்து டெஸ்ட் போனை மாட்டுவோம். அங்கே டோன் இருந்தால் பழுது கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரிலோ வீட்டுக்குள்ளோ இருக்கிறது. இல்லையென்றால் பில்லர், அதற்கும் பின்னால் எக்ஸ்சேஞ்ச். ஐப்பசி மழையில் பேப்பர் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் தெருவே ஊமையாகிவிடும். என்ன ஆனாலும் பழி எங்கள்மேல்தான். பங்குபோட வேறு ஆள் கிடையாது.

அமெரிக்காவில், எது யாருடையது என்ற இந்தப் பங்குச்சண்டை முன்பே வந்துவிட்டது. தன் கம்பியில் வெளியார் பொருள் எதையும் மாட்டக்கூடாது என்று டெலிபோன் கம்பெனியான ஏ.டி.&டி. பிடிவாதமாக நின்றது. பேச்சு பக்கத்தில் கேட்காமலிருக்க ரிசீவரில் மாட்டும் வெறும் மூடிக்குக்கூடத் தடை! 1956இல் நீதிமன்றம் அந்த மூடியை அனுமதித்தது. 1968இல், டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் ரேடியோவைப் போனோடு இணைக்கச் செய்த கார்ட்டர்ஃபோன் வழக்கில், வலைப்பின்னலுக்குக் கெடுதல் செய்யாத எதையும் மாட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது. மோடத்தைக் கடையில் வாங்கி மாட்டும் பழக்கத்துக்கு அங்கேதான் கதவு திறந்தது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று சர்க்கார் கம்பெனியான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. சென்னை உட்பட நான்கு மாநகரங்களில் மட்டும். எங்கள் திருச்சிக்கு வரச் சில வருடம் பிடித்தது. மோடம் சந்தாதாரருடையது, கம்பி எங்களுடையது. பச்சை பூத்த ஜாயிண்ட் வழியாகப் பேச்சு போய்விடும், டேட்டா போகாது. போனை எடுத்துக் காதில் வைத்து "டோன் நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லி நகர்ந்த சக ஊழியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னது பொய்யுமில்லை. 2005இல் பிராட்பேண்ட் வந்தபோது மோடத்தின் அடியில் 0, 35 என்று பேனாவால் எழுதிவைத்துவிட்டு வருவேன். அந்த வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்கள் மாறினால் லிங்க் விளக்கு எரியும், ஒரு பக்கமும் திறக்காது.

இப்போது ஃபைபர். முடிபோன்ற ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டுக்கு வருகிறது, 1310 திரும்பிப் போகிறது. நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். இழை வந்து முடியும், சுவரில் மாட்டும் ஓ.என்.டி. என்ற பெட்டியின் சீரியல் எண் கம்பெனியின் கருவியில் பதிவாகியிருந்தால்தான் லைன் பேசும். அதனால் அந்தப் பெட்டி கம்பெனியுடையதாகவே இருக்கிறது. நம் ரூட்டர் அதற்குப் பின்னால்தான் நிற்க முடியும். ஆனால் ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் அமலான சட்டப்படி, வலைப்பின்னல் சுவர் சாக்கெட்டிலேயே முடிகிறது. அதற்கப்புறம் எந்தக் கருவி என்பது வீட்டுக்காரர் விருப்பம்.

தெருவில் யாராவது கூப்பிட்டால் இன்றும் போய்ப் பார்க்கிறேன். ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பென்றால் இழையில் கோளாறு, ரூட்டரைத் தொடவே வேண்டாம். பி.ஓ.என். விளக்கு அசையாத பச்சையென்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுப் பக்கம்தான். ஓ.என்.டி.யும் ரூட்டரும் ஒரே யூசர்நேமில் டயல் செய்கின்றனவா? அநேகமாக ஒன்றுதான் உள்ளே போகும், டயல் செய்வதை ரூட்டரிடம் விடும் பிரிட்ஜ் மோடுக்கு ஓ.என்.டி.யை மாற்றச் சொல்லவேண்டும். கம்பெனி பழைய ரூட்டரின் மேக் முகவரியைப் பூட்டிவைத்திருந்தால் பாஸ்வேர்டு சரியாயிருந்தும் புதியது ஏறாது. வி.லான் எண்ணைக் கேட்டால் கஸ்டமர் கேரில் இருப்பவருக்கே சில சமயம் புரிவதில்லை. சில தளங்கள் திறந்து சில தொங்கினால் பாக்கெட் அளவான எம்.டி.யு.வை 1492 ஆக்கிப் பார்ப்பேன், டயல் செய்யும் முறையான பி.பி.பி.ஓ.இ. தன் பங்குக்கு 1500இல் எட்டு பைட்டை எடுத்துக்கொள்கிறது.

"எங்க ரூட்டரை மாட்டிப் பாருங்க" என்று கம்பெனிப் பையன் சொன்னால் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. என்னைக் கேட்டால் பையன் கேட்பது நியாயம். அதில் வேலை செய்தால் நம் செட்டிங்கைப் பார்க்கலாம், செய்யாவிட்டால் அவன் ஏணியை எடுக்கவேண்டியதுதான். அதனால் கம்பெனி கொடுத்த பழைய ரூட்டரை எடைக்குப் போடாமல், அடாப்டரோடு பரணில் வைக்கச் சொல்லிவிட்டு வருவேன்.