முகவரியிலிருந்து உதிர்ந்த வால்: செஷன் அடையாளமும் தேடுபொறியும்

செஷன் அடையாளத்தை இணைய முகவரியில் ஒட்டும் வழக்கம் ஏன் மறைந்தது என்று தேடுபவர், ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் போய் நிற்பார். பயனரைக் காட்டும் குறியைப் பக்கத்தின் எல்லா இணைப்புகளிலும் நுழைப்பதை ஃபீல்டிங் முறைகேடு என்கிறார். பலருக்கும் பொதுவான கேஷ் வீணாகிறது, சர்வரின் தாங்கும் திறன் குறைகிறது, இணைப்பைப் பிறரிடம் பகிர்ந்தால் வேண்டாத விளைவு வருகிறது என்பன அவர் சொல்லும் காரணங்கள். நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி 1994-இல் உருவாக்கிய குக்கியையும் பின்னொரு பகுதியில் அதே கூண்டில் ஏற்றுகிறார்.

கட்டமைப்பாளரின் வாதமாக இதில் நான் குறை காணவில்லை. வரலாற்று விளக்கமாக எடுத்துக்கொண்டால்தான் இடறுகிறது. இரண்டும் குற்றம் என்றால் ஒன்று மட்டும் தண்டனை பெற்றது ஏன்? குக்கியை நம்பி ஆளுக்கொன்றாக உருவாகும் பக்கத்தையும் பொதுக் கேஷில் வைக்க முடியாது. ஆகவே கேஷ் இதை விளக்காது. நிலைக்கு ஒரு முகவரி என்றால் தகும், பயனர் குறியை ஒட்டினால் முகவரிகள் கட்டின்றிப் பெருகும் என்றும் ஃபீல்டிங் எழுதுகிறார். விடையின் வாசல்வரை வந்துவிட்டார். அந்தப் பெருக்கத்தில் சிக்கித் திணறிய கிராலரை, அதாவது பக்கங்களைத் திரட்டிவரும் தேடுபொறியின் நிரலை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

2000 மே மாதம் வந்த பிஎச்பி 4-இலும் ஜாவா சர்வ்லெட்டிலும், குக்கி தராத வருகையாளருக்கு இணைப்புகளில் அடையாளத்தை ஒட்டித்தரும் வசதி உண்டு. முதல் வருகையில் யாரிடமும் குக்கி இருக்காது. அதனால் மனிதர் பார்க்கும் முதல் பக்கத்து இணைப்புகளிலும் அந்த அடையாளம் வாலாக முளைக்கும். அடுத்த பக்கத்தில் உதிர்ந்துவிடும். கூகுளின் கிராலர் குக்கியைச் சேர்த்துவைப்பதில்லை. அதற்கு ஒவ்வொரு வருகையும் முதல் வருகையே. மறுபடி வந்தால் வேறு வால், எனவே வேறு பக்கம்.

இந்த வாலிலும் பாடபேதங்கள் உண்டு. பிஎச்பி அதைக் கேள்விக்குறிக்குப் பின் வைத்தது. ஜாவா, பாதைக்குள்ளேயே ஓர் அரைப்புள்ளி இட்டு 'ஜேசெஷன்ஐடி' என்று தொடங்கியது. அமேசானின் பழைய 'ஓபிடோஸ்' முகவரிகளில் எந்தப் பெயரும் கிடையாது. பொருளின் எண்ணை அடுத்து ஒரு சாய்கோடு, பிறகு 3, 7, 7 எனச் சிறுகோடிட்டுப் பிரித்த 17 இலக்கங்கள். கேள்விக்குறியைக் கண்டால் கிராலர் உஷாராகலாம். சாய்கோட்டைக் கண்டால் எது பொருள், எது ஆள் என்று எப்படிப் பிரிக்கும்?

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் காட்டியாக வேண்டும். பிஎச்பியின் அமைப்புக் கோப்பில், இந்த வசதியை ஏன் அணைத்துவைத்திருக்கிறோம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. உயிரோடுள்ள அடையாளம் மின்னஞ்சலிலோ ஐஆர்சி அரட்டையிலோ பிறருக்குப் போகலாம். பொதுக் கணினியில் தங்கலாம். புக்மார்க் வழியாகத் திரும்பத் திரும்ப வரலாம். மூன்றும் பாதுகாப்பு பற்றியவை. கிராலர் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஐஆர்சியின் பெயர் வருவதால் குறிப்பு பழையது என்று கொள்ளலாம். அதற்குமேல் காலத்தை நெருக்க நான் துணியவில்லை. செஷனை முன்கூட்டியே பொருத்திவைத்து ஏமாற்றும் தாக்குதலை மித்யா கொல்ஷெக் 2002 டிசம்பரில் விளக்கியதும் இந்தக் கட்சிக்கே பலம்.

ஆனாலும், ஓஎஸ்காமர்ஸ் என்ற கடை மென்பொருளைத் திறந்து பாருங்கள். 'ஸ்பைடர்ஸ்' என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு. அதில் கிராலர்களின் பெயர்கள் வரிசையாக. பட்டியலில் உள்ளவர் வந்தால் செஷனே தொடங்காது. பாதுகாப்பு மட்டும்தான் கவலை என்றால் அந்தப் பட்டியலுக்கு என்ன வேலை? கடைக்காரருக்கு வேண்டியது தேடலில் இடம். செஷன் அடையாளம் இல்லாமல் பாட்கள் உலவ விடுங்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலும் கேட்டது.

2009-இல் மூன்று நிகழ்ச்சிகள் நெருங்கி வருகின்றன. பிப்ரவரி 12 அன்று கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும், ஒரே பக்கத்தின் பல முகவரிகளில் மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'கனானிக்கல்' குறியை அறிவித்தன. ஜூன் 30 அன்று வந்த பிஎச்பி 5.3-இல் குக்கி மட்டுமே என்பது இயல்நிலையானது. டிசம்பரில் வந்த சர்வ்லெட் 3.0 அப்படிக் கட்டுப்படுத்த இடம் தந்தது. மூன்றையும் ஒரே காரணத்தில் கோத்துவிடும் ஆசை எனக்கும் உண்டு. அண்மை காரணமாகாது என்பதால் விட்டுவிடுகிறேன். வால் அதற்கு முன்பே உதிர்ந்திருந்தால் கனானிக்கலுக்கு அத்தனை அவசரம் இருந்திராது என்பது மட்டும் உறுதி. எனவே 2009-ஐ முடிவாண்டாகக் கொள்ள முடியவில்லை. பிஎச்பியே முகவரிவழிச் செஷனைக் கைவிடவேண்டியதாக அறிவித்தது 2024 நவம்பரில் வந்த 8.4-இல்தான்.