ஈயக் குண்டு முதல் லைக்ரா வரை: பெண்களின் நீச்சல் உடை

நம் வளாகத்துக் குளத்தில் "நைலான் நீச்சல் உடை கட்டாயம்" என்று பலகை மாட்டியிருக்கிறோம். பருத்தித் துணியில் நூல் பிரிந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த விதி. நியாயமானதுதான். ஆனால் வாசலூர்பட்டிக் குளிரைப் பொருட்படுத்தாமல் இறங்குவதெல்லாம் ஆண்களும் சிறுவர்களும்தான். பெண்கள் நாற்காலி போட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், "அந்த டிரஸ்ஸை யார் போடுவது?" என்கிறார்கள்.

எனக்கு நீச்சல் கற்றுத் தந்தது என் அக்கா. ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவாள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதிப்பாள். காற்றுப் புகுந்து பாவாடை குடை மாதிரி உப்பும். ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மறு கையால் நீந்துவாள். வயதுக்கு வந்த பிறகு அவளைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை.

இந்தப் பாவாடைத் தொல்லை சீமாட்டிகளுக்கும் இருந்தது. அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் குளியல் அங்கியை மவுண்ட் வெர்னனில் வைத்திருக்கிறார்கள். துணி மிதக்காமல் இருக்க அதன் ஓரத்தில் ஈயம் வைத்துத் தைத்திருக்கிறது. அதை அணிந்து முங்கி எழலாம், நீந்த முடியாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் போட்டி வந்ததே 1912இல்தான். அதன் பிறகும் வெகுநாள் கம்பளி நூல் உடைதான். நனைந்தால் கனக்கும், தொங்கும். 1922இல் வாஷிங்டன் நகரில் முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்துக்கு மிஞ்சுகிறதா என்று டேப் வைத்து அளந்தார்கள்.

பிகினி வந்தது 1946 ஜூலை 5, பாரிசில். நான்கு நாள் முன்பு அமெரிக்கா அணுகுண்டு சோதித்த தீவின் பெயரையே லூயி ரெயார் அதற்கு வைத்தார்.

நம் நாட்டில் 1938லேயே 'பிரம்மச்சாரி' என்ற மராத்திப் படத்தில் மீனாட்சி ஷிரோத்கர் நீச்சல் உடையில் நடித்தார். 1966இல் ஷர்மிளா தாகூர் பிகினியில் ஃபிலிம்ஃபேர் அட்டையில் வந்ததை எங்கள் தலைமுறை இன்னும் பேசுகிறது. எனக்கென்னவோ, அதைவிடப் பெரிய விஷயம் ஆரத்தி சாஹா. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 11. 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயை 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார்; ஆசியப் பெண்களில் முதல்வர். பாவாடையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்திருக்க முடியுமா?

1958இல் டூபான்ட் கம்பெனி கண்டுபிடித்த நூல்தான் பிறகு லைக்ரா ஆனது. உடம்போடு ஒட்டும், நீரைக் குடிக்காது. 2008இல் உடம்பு முழுக்க மூடும் பந்தய உடைகளால் சாதனைகள் சரிந்து விழ, 2010 முதல் அவற்றுக்குத் தடை வந்தது. இப்போது பெண்கள் போட்டியில் தோள் முதல் முழங்கால் வரை அணியலாம். ஆஸ்திரேலியாவில் அஹெதா சனெட்டி தலை முதல் கால் வரை மூடும் புர்கினியை உருவாக்கினார். 2016இல் பிரான்சில் சில ஊர்கள் அதைத் தடை செய்தன. உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அன்று குறைவாக உடுத்தினாள் என்று அளந்தார்கள், இன்று அதிகமாக உடுத்தினாள் என்று விரட்டுகிறார்கள்!

நம் பலகையில் 'நைலான்' என்றுதான் இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று இல்லை. முழுக்கை வைத்து, முழங்காலுக்குக் கீழே வரும் உடைகள் அதே துணியில் கடைகளில் கிடைக்கின்றன. வடிகட்டிக்கு ஆட்சேபம் கிடையாது. அடுத்த கூட்டத்தில் இதைப் பலகையில் சேர்த்து எழுதவும், பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கவும் கேட்கப்போகிறேன்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். எழுபது வயது. பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "அந்த முழங்கால் வரைக்கும் இருக்கிறது என்ன விலைடா?" என்று கேட்டாள்.