துத்தநாகத்துக்குள்ள இருக்கிற ஈயம்

பழவேற்காட்டுக்கு டச்சுக் கல்லறைகளைப் பத்தி ரெக்கார்ட் பண்ணத்தான் போனேன். அந்த எபிசோட் அப்புறம் வரும். ஏன்னா ஏரிக்கரையில ஒரு மீனவ அண்ணன் வீச்சு வலையோட ஓரத்தைப் பல்லால கடிச்சுப் பிடிச்சு வீசிட்டிருந்தார். அந்த ஓரம் முழுக்க ஈயக் குண்டு.

"இந்த ஈயம் எங்கேர்ந்துண்ணே வருது?"

"பழைய பேட்டரிதான் தம்பி. காயலாங்கடையில வாங்கி நாங்களே உருக்கி ஊத்திக்குவோம்."

ஈயம் 327 டிகிரியில உருகிடும். விறகடுப்பே போதும்.

இந்த ஊருக்கு உலோகம் கப்பல்லயும் வந்திருக்கு. டச்சுக்காரங்க இங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினது 1613-ல. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் இதுதான். துணி வாங்கிட்டுப் போனாங்க. ஜப்பான் செம்பு, துத்தநாகம் எல்லாம் கொண்டுவந்து வித்தாங்க. அந்தக் கால ஐரோப்பிய வியாபாரிங்க துத்தநாகத்தை 'டூட்டனேக்'னு எழுதுவாங்க. நம்ம வார்த்தைக்குச் சொந்தக்கார வார்த்தை அது. 'நாகம்'னா சமஸ்கிருதத்துல ஈயம். அதாவது துத்தநாகம்ங்கிற பேருக்குள்ளயே ஈயம் உட்கார்ந்திருக்கு.

பாறையிலயும் அப்படித்தான். பூமிக்குள்ள ஓடுற சூடான உப்புத் தண்ணி ரெண்டு உலோகத்தையும் கரைச்சு எடுத்துட்டு வரும். கந்தகத்தைச் சந்திச்சா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல படியும். ஈயம் கலீனாவா, துத்தநாகம் ஸ்பாலரைட்டா. தமிழ்நாட்டுலயே இதுக்கு உதாரணம் இருக்கு: பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூர். (பஸ் நிக்குற மாமண்டூர் இல்ல, பல்லவர் குகை இருக்கிற மாமண்டூரும் இல்ல. மூணாவது!) அங்க ஈயம், துத்தநாகம், செம்பு மூணும் ஒண்ணா இருக்கு. அந்தப் பாறைங்க பூமியோட ஆழத்துக்குப் போய், கடும் சூட்டுல வெந்து, மறுபடி மேல வந்ததுங்க. அதுல துத்தநாகம் கொஞ்சம் கானைட்ங்கிற கெட்டியான கனிமமாவே மாறிடுச்சு. அதைச் சாதாரணமா உருக்கியெல்லாம் எடுக்க முடியாது.

சாதாரணத் துத்தநாகத் தாதுவே லேசுப்பட்டது இல்ல. ஆயிரம் டிகிரிக்கு மேல கரியோட சுட்டாத்தான் உலோகம் பிரியும். ஆனா 907 டிகிரியிலயே அது கொதிச்சு ஆவியாயிடும். அடுப்பைத் திறந்தா உலோகம் இருக்காது, வெள்ளைப் புகைதான். என் பாஷையில சொன்னா, அவுட்புட் வர்ற நேரத்துல புரோகிராமே காணாமப் போற மாதிரி.

இதைத் தீர்த்தது ராஜஸ்தான்ல ஜாவர். கத்தரிக்காய் வடிவ மண் குடுவைங்களைத் தலைகீழா, உலைக்கு 36 வீதம் அடுக்கினாங்க. மேல நெருப்பு, கீழ குளிர்ச்சியான அறை. ஆவி கீழ இறங்கி அங்க உலோகமா சொட்டும். இங்கிலாந்துல வில்லியம் சாம்பியன் இதே மாதிரி கீழ்நோக்கி வடிக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினது 1738-ல. ஜாவர் உலைங்க அதுக்குப் பல நூற்றாண்டு முந்தினது.

ஈயத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதனாலதான் அது வீட்டு வாசலுக்கே வந்துடுது. உருக்கும்போது பேட்டரித் தகட்டுலேர்ந்து பறக்கிற தூசி பக்கத்துல விளையாடுற பிள்ளைங்களுக்குத்தான் அதிகக் கேடு. வளர்ற மூளையைத் தொடும். அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், பல்லால கடிக்கிறதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் வலையையே பார்த்தார்.

"உருக்குறதை வேணா இனிமே தள்ளிப் போய் வெச்சுக்கலாம். ஆனா வீசுறதுக்கு ரெண்டு கை பத்தாதே தம்பி."