ஓய்வூதியமும் மனைச்செலவும்: சார்லசு இலாம் வாழ்வு காட்டும் உண்மை

பணி ஓய்வுக்குப்பின் வருவாய் சுருங்கும். அதற்கேற்ப மனைச்செலவும் சுருங்கும் என்பது பலரும் கொள்ளும் கருத்து. வருவாயின் அளவு ஒன்றே செலவின் போக்கை வரையறுக்கும் என்பது பொருந்துமா? ஆங்கிலக் கட்டுரையாசிரியர் சார்லசு இலாம் (1775–1834) என்பாரின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

இலண்டன் மாநகரில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை நிலையத்தில் 1792-இல் எழுத்தராக அமர்ந்த இலாம், ஏறத்தாழ 33 ஆண்டுகள் உழைத்து, 1825 மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள் ஓய்வு பெற்றார். அவர் மணஞ்செய்து கொள்ளாதவர். தமக்கையார் மேரி 1796-இல் மனநோயின் கொடுமையால் பெற்ற தாயையே கொன்றார். அன்று தொட்டு அவரைப் புரக்கும் கடமையைத் தம்பியே மேற்கொண்டார்.

ஓய்வு பற்றி இலாம் 1825-இல் வெளியிட்ட கட்டுரையில், கும்பினியைத் தனியார் வணிக நிலையமாகப் புனைந்துள்ளார். ஊதியத்தில் மூன்றில் இரு பங்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது என்கின்றார். உண்மைத் தொகையை அறிதற்கு அவர் கவிஞர் வேர்ட்சுவொர்த்துக்கு வரைந்த மடலே துணையாகும். ஆண்டுக்கு 450 பவுன் வழங்கப்பெற்றது. தாம் மறைந்தபின் தமக்கையார்க்கு வாழ்வூதியம் கிடைத்தற்பொருட்டு அதில் 9 பவுன் கழிக்கப்பட்டது, எஞ்சியது 441. ஓய்வு வாழ்வின் முதற்செலவு தம் துய்ப்புக்கன்று, பின்னிருப்பார் காப்புக்கே என்பது இதனாற் பெறப்படும்.

ஓய்வுக்கு ஈராண்டு முன்னரே, 1823-இல், பழஞ்சீனக் கலங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் ஈண்டு நோக்கற்பாலது. வறுமைக் காலத்தில் நாட்கணக்கில் எண்ணி வாங்கிய நூல் தந்த இன்பம், வளம் பெற்றபின் இல்லையென அதில் வரும் பெண்பாத்திரம் வருந்துகின்றது. இளமையில் நடந்த வழியை முதுமையில் ஊர்தியிற் கடக்க வேண்டியுள்ளது. குறைந்த வலிமையைப் பொருளால் ஈடுசெய்கின்றோம் என்பது ஆசிரியர் தரும் விடை.

அவ்விடையைப் பின்னிகழ்ச்சிகள் மெய்ப்பித்தன. 1827-இல் உடன்பிறந்தார் இருவரும் என்பீல்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். மனைப்பொறுப்பு தமக்கையார்க்குச் சுமையாகவே, 1829-இல் தனிமனை வாழ்க்கையை விடுத்து அண்டை வீட்டாரிடம் உணவும் உறையுளும் பெற்றனர். பல கூறாயிருந்த செலவு ஒரே கட்டணமாயிற்று. 1833-இல் எட்மண்டனில் மனநோயாளரைப் பேணிய ஓர் இல்லத்திற்குத் தமக்கையாருடன் தாமும் சென்று தங்கினார். மறு ஆண்டே மறைந்தார்.

மேரி அம்மையார் 1847 வரை வாழ்ந்தார். எனவே, ஓய்வுபெற்றார் செலவை ஆராய்வோர் வருவாய்க் குறைவை மட்டும் கருதுதல் போதாது. அவ்வில்லத்தில் யாருடைய நாளையை எண்ணி இன்றைய செலவு அமைந்தது என்பதனையும் ஆராய்தல் வேண்டும். 9 பவுன் சிறு தொகையே. எனினும் அவர் மனைக்கணக்கின் உட்பொருளை அதுவே உணர்த்துகின்றது.