மைசூர் மன்னரும் மொஸ்கோ இசைவாணரும்

புலவரையும் பாணரையும் புரந்த மன்னர் வரலாறு தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கபிலருக்குப் பாரியும் பெருஞ்சித்திரனாருக்குக் குமணனும் வாய்த்தமையைச் சங்க நூல்கள் பேசுகின்றன. அம்மன்னர் ஈந்த பொன்னும் பொருளும் அழிந்தொழிந்தன. அவர்தம் பெயர் பாட்டிலே நின்றது. புரக்கப்பட்டவன் புரந்தவனை வாழவைத்தான் என்பதே அவ்வரலாறுகளின் சாரமாகும். இருபதாம் நூற்றாண்டிலோ இவ்வுறவு திசைமாறி நின்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. உலகம் மறந்துகொண்டிருந்த ருஷ்ய இசைவாணர் ஒருவரின் பியானோ வாசிப்பை, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த மைசூர் மன்னரொருவர் அழியாமற் காத்தார். அவ்விசைவாணர் நிக்கொலாய் மெட்னர். மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார்.

மெட்னர் 1880ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மொஸ்கோவிற் பிறந்தார். முதற் பாடம் தாயாரிடமே கேட்டார். பன்னிரண்டாம் வயதில் மொஸ்கோ இசைக் கல்லூரியிற் சேர்ந்து, சபோனொவ் முதலிய ஆசிரியரிடம் பியானோ பயின்று, 1900இல் அன்ரன் ரூபின்ஸ்ரைன் பரிசுடன் தேறினார். இருபது வயதில் இத்தகைய பெயரெடுத்த வித்துவானுக்கு ஐரோப்பாவின் இசையரங்குகள் யாவும் திறந்திருந்தன. ஆயினும் அவர் அவ்வழியிற் செல்லவில்லை. பிறர் ஆக்கியவற்றை ஊரூராகச் சென்று வாசித்துப் பொருளீட்டுவதினும் தாமே ஆக்குதல் மேலென்று துணிந்தார். குடும்பத்தார் வருந்தினர், பேராசிரியர் தானேயெவ் ஊக்கமளித்தார்.

பியானோவுக்கென 14 சொனாட்டாக்களும், பியானோவும் பல்லியக் குழுவும் தனித்தும் இணைந்தும் ஒலிக்கும் கொன்சேர்ட்டோ என்னும் பேருருவில் மூன்றும், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் அவர் இயற்றினார். ருஷ்ய மொழியிற் 'கதைகள்' எனப் பெயரிட்ட சிறு பியானோ உருப்படிகள் பலவும் உள. அவர் இயற்றியவற்றுட் பியானோ இடம்பெறாத ஆக்கம் ஒன்றேனும் இல்லை. அவரினும் ஏழாண்டு மூத்தவரும் உலகப் புகழ் பெற்றவருமான ரக்மானினோவ், தம் காலத்து இசையாக்குநருள் மெட்னரே தலைசிறந்தவர் என்று கருதினார். தமது நான்காம் கொன்சேர்ட்டோவை ரக்மானினோவ் மெட்னருக்கு உரிமையாக்க, மெட்னர் தமது இரண்டாவதை அவருக்கு உரிமையாக்கினார்.

ருஷ்யப் புரட்சியின் பின் 1921இல் மெட்னர் தாயகம் நீங்கினார். ஜேர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்து, 1935இல் இலண்டனிற் குடியேறினார். சென்றவிடமெல்லாம் அவரைத் தொடர்ந்தது வறுமை. அதற்குக் காரணம் புலமைக் குறைவன்று. அவர் காலத்தோடு பொருந்தாமையே. அக்காலத்து ஐரோப்பாவிற் சேன்பேர்க் முதலியோர் ஆதாரசுருதியைத் துறந்த புதியதோர் இசைமுறையை வகுத்தனர். நம் இசைமரபிற் பயின்றார்க்கு ஓர் உவமையாற் கூறின், ஆதார சட்ஜம் இன்றி இசை நிற்குமோ என்பதே அன்று எழுந்த வினா. நில்லாது என்பது மெட்னரின் உறுதியான விடை. இக்கொள்கையை விளக்கி அவர் எழுதிய 'கலைத்தெய்வமும் காலத்தின் பாங்கும்' என்னும் பொருள்படும் நூலை, ரக்மானினோவ் பாரிசில் நிறுவிய பதிப்பகம் 1935இல் வெளியிட்டது. புதுமை நாடினோர் அவரைப் பழைமைவாதி என ஒதுக்கினர். பழைமை விரும்பினோருக்கோ ரக்மானினோவின் இன்னிசையே போதியதாயிருந்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜேர்மனியப் பதிப்பாளரிடமிருந்து வந்த சிறு வருவாயும் நின்றது. இலண்டனிற் குண்டுகள் வீழ்ந்த காலத்தில், அவர்தம் மாணவியாகிய எட்னா ஐல்ஸ் என்பாரின் குடும்பத்தார் வாரிக்ஷயர் நாட்டுப்புறத்தில் அவருக்கும் மனைவியாருக்கும் புகலிடம் அளித்தனர். 1942இல் இருதய நோய் அவரைத் தாக்கிற்று. அந்நிலையிலும் மூன்றாம் கொன்சேர்ட்டோவை நிறைவேற்றி, 1944இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் தாமே வாசித்து அரங்கேற்றினார். எனினும் அவர்தம் பேராக்கங்களிற் பெரும்பாலன அவர் கையால் இசைத்தட்டில் ஏறாதிருந்தன. முதுமையும் நோயும் ஒருங்கு சூழ்ந்தமையால், அவ்வாசிப்பு அவருடனேயே மறைந்துபோம் என்றே அறிந்தோர் எண்ணினர்.

இந்நிலையிலேதான் மைசூரின் உதவி வந்தது. ஜயசாமராஜேந்திர உடையார் 1919ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் பிறந்தவர். அவர் வளர்ந்த அரண்மனை ஈரிசையும் பயின்ற இடம். பெரிய தந்தையாராகிய நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பியானோ உட்படப் பல வாத்தியங்களில் வல்லவர். தமிழ்நாட்டு அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை ஆஸ்தான வித்துவானாக அமர்த்திப் போற்றியவரும் அவரே. இளவரசரோ மேலைப் பியானோவில் ஆழ்ந்த பயிற்சி பெற்று, அரங்கேறி வாசிக்கும் வித்துவானாக வேண்டும் என்னும் வேட்கை கொண்டிருந்தார். 1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தந்தையாரும், ஆகஸ்டில் பெரிய தந்தையாரும் காலமாயினர். இருபத்தொரு வயதில் அரசுச் சுமை அவர் தோளில் ஏறிற்று. பியானோவே வாழ்வென்னும் எண்ணம் அத்துடன் முடிந்தது. எனினும் பயிற்சியை அவர் கைவிட்டிலர். 1945இல் இலண்டன் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியின் பட்டமும் திரினிற்றி இசைக் கல்லூரியின் கௌரவப் பட்டமும் பெற்றார். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் பியானோ பயின்று திரினிற்றிக் கல்லூரிப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் செல்லும் பாதையில், ஒருகால் மைசூர் மன்னரும் நடந்தார் என்பது அறியத்தக்கது.

தாம் வாசிக்க இயலாத அரங்கை மன்னர் பிறருக்கு அமைத்துக் கொடுத்தார். அவர் பொருளுதவியால் இலண்டனில் மெட்னர் சங்கம் தோன்றிற்று. 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ்' இசைத்தட்டு நிறுவனத்தார் 1947 முதல் மெட்னரின் ஆக்கங்களை அவர் வாசிப்பிலேயே பதிவுசெய்தனர். மூன்று கொன்சேர்ட்டோக்களும் பில்ஹார்மோனியா பல்லியக் குழுவுடன் பதிவாயின. இப்பணி எளிதன்று. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய நான்கு நிமிடத்தளவே கொள்ளும். அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட கொன்சேர்ட்டோ ஒன்றைத் துண்டு துண்டாகவே வாசித்தல் வேண்டும். ஒரு துண்டிற் பிழை நேரின் அத்துண்டு முழுவதையும் மீண்டும் வாசித்தல் வேண்டும். அறுபத்தேழு வயதினராய் இருதய நோயுற்றிருந்த ஒருவர் இதனைச் செய்து முடித்தார். 1950இல் எலிசபெத் சுவார்ட்ஸ்கொப் என்னும் புகழ்பெற்ற பாடகியார் மெட்னர் பியானோ வாசிக்க அவருடைய பாடல்களைப் பாடிப் பதிவுசெய்தார். மூன்றாம் கொன்சேர்ட்டோவை மெட்னர் மைசூர் மன்னருக்கு உரிமையாக்கினார். 1951ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் இலண்டனிற் காலமானார். மன்னரின் உதவி ஐந்தாண்டு பிந்தியிருப்பின் பதிவு செய்ய வாசிப்பவர் இருந்திரார்.

மன்னரின் ஆதரவு மெட்னருடன் நின்றுவிடவில்லை. 1948இல் பில்ஹார்மோனியா இசையரங்குச் சங்கத்தின் முதற் தலைவராக அவர் விளங்கினார். 1949இல் மைசூர் சென்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்ட்டர் லெக், அரண்மனையில் மேலையிசைத் தட்டுகள் நிறைந்த பெரும் நூலகத்தையும் பேரரங்குப் பியானோக்கள் பலவற்றையும் கண்டு வியந்தார்; மன்னர் ஆண்டொன்றுக்கு 10,000 பவுண் வீதம் மூன்றாண்டுக்கு உதவ முன்வந்தார் என்றும் அவர் குறித்துள்ளார். றிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் என்னும் ஜேர்மனிய மேதையின் இறுதிப் பாடல்கள் நான்கும் 1950ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டனில் முதன்முறை அரங்கேறியதும் மன்னர் செலவுக்குப் பொறுப்பேற்றமையால் என்க.

இவ்விடத்து ஒரு வினா எழும். தம் நாட்டு மக்களுக்கு வேண்டியன பலவாயிருக்க, கண்காணாத் தேசத்து இசைவாணருக்கு ஓர் இந்திய மன்னர் பெரும்பொருள் ஈந்தது முறையோ? இதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. அரசர் செல்வம் குடிகள் தந்த செல்வமே. அவர் தம் நாட்டிசையைப் புறக்கணித்தார் என்பது மட்டும் பொருந்தாது. மைசூர் வாசுதேவாசாரியாரிடம் கருநாடக இசை நுணுக்கம் கற்று, 'ஸ்ரீவித்யா' என்னும் முத்திரையுடன் 94 கிருதிகளை வடமொழியில் அவர் இயற்றினார். அடாணா இராகத்தில் விநாயகர்மீது அமைந்த கிருதி தமிழ்நாட்டு மேடைகளிலும் பெருவழக்காயிற்று. 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் அவர் பணிபுரிந்தார். 1974இல் அவர் மறைந்தபின், அக்கிருதிகளின் தொகுப்பு 2010இல் 'ஸ்ரீ வித்யா கான வாரிதி' என்னும் பெயருடன் வெளிவந்தது.

எனினும் குறை ஒன்று எஞ்சுகின்றது. மெட்னருக்குக் கிடைத்ததுபோல, வாழுங்காலத்திலேயே ஆக்கங்களை முறையாகப் பதிந்துவைக்கும் வாய்ப்பு நம் வித்துவான்கள் பலருக்குக் கிடைத்ததில்லை. இதன் விளைவு மேனாட்டினும் நமக்கே பெரிது. மெட்னரின் ஆக்கங்கள் சுரக்குறிப்பில் எழுதப்பட்டிருந்தன. பதிவு இல்லாதிருந்தாலும் ஏடு எஞ்சியிருக்கும். மொஸ்கோவிலே 1959 முதல் 1963 வரை அவர் ஆக்கங்கள் 12 தொகுதிகளாக அச்சேறியதும் அவ்வேடுகளின் துணையாலேயே. நம் இசையிலோ கிருதியின் உரு ஏட்டில் நின்றாலும் கமகமும் மனோதர்மமும் வாசிப்பவருடனேயே போய்விடுகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் வீணையொலியை இனி எவரும் கேட்கப்போவதில்லை. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் கைவன்மையை, அவரைக் கண்டிராத தலைமுறை இன்று கேட்டறிவது எஞ்சிய ஒலிப்பதிவுகளாலேயே.

மெட்னரின் இசைக்கு மறுவாழ்வு பின்னர் வந்தது. 1990ஆம் ஆண்டுகளில் ஹாமலின் என்னும் கனடிய வித்துவான் 14 சொனாட்டாக்களையும் பதிவுசெய்து வெளியிட்டார். இன்று அவ்வாக்கங்களை வாசிக்கப் புகுவோர், ஆக்கியவர் எவ்வாறு வாசித்தார் என்பதனை மைசூர் மன்னர் செலவிற் பதிவான தட்டுகளிலிருந்தே கேட்டறிகின்றனர். பாரியும் குமணனும் பாடல் பெற்று நிலைத்தனர். ஜயசாமராஜேந்திரரோ, தம் கைக்கு எட்டாத இசையைப் பிறிதொருவர் கையிலே கண்டு, அக்கை ஓயுமுன் உதவி நிலைத்தார். காலமறிந்து செய்த உதவியே அவர் கொடையின் சிறப்பாகும். கலைஞர் மறைந்தபின் எடுக்கும் விழாவினும் அவர் உள்ளபோதே செய்யும் ஒரு பதிவு மேலானது என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.