முன்தயாரிப்புக் கணித வகுப்பு

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பொறியியல், இயற்பியல், பொருளியல் முதலிய பிரிவுகளில் சேரும் மாணவர்களுக்கு, முதல் பருவத்துக்கு முன் நடத்தப்படும் பள்ளிக் கணித மீள்பார்வை. அங்கு ‘ஃபோர்குர்ஸ்’ எனப்படுகிறது. குளிர்காலப் பருவ விரிவுரைகள் அக்டோபரில் தொடங்குவதால், பெரும்பாலும் செப்டம்பரில் சில வாரங்கள் நடக்கும். பின்னம், அடுக்கு, மடக்கை, சமனிலி, முக்கோணவியல் ஆகியவை பாடங்கள். 9, 16 இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியே மூலம் எடுத்துக் கூட்டி 7 என எழுதுவது இவ்வகுப்புகள் களைய முயலும் பிழைகளுள் ஒன்று.

இதன் பலனை அளப்பது எளிதன்று. வகுப்பின் முன்னும் பின்னும் சோதனை வைத்தால் மதிப்பெண் கூடுவது வழக்கம். அந்த ஏற்றம் பருவத் தேர்வு வரை நிலைக்குமா என்பதே உண்மையான கேள்வி. பெரும்பாலும் வருகை கட்டாயமில்லை. ஆகவே வந்தவர்கள் பின்னர்ச் சிறந்து விளங்கினால், அது வகுப்பால் வந்ததா, அவர்களுக்கு முன்பே இருந்த முனைப்பால் வந்ததா எனப் பிரித்தறிவது கடினம். பள்ளியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறையைச் சில வாரங்களில் ஈடுகட்டலாம் என்பது மிகையான எதிர்பார்ப்பு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2017இல் வேறு வழியைத் தேர்ந்தது: பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படைக் கணித வகுப்புகளை 2018 முதல் கைவிட்டு, மாணவர்களை நேரே பட்டப்பாடத்தில் சேர்த்துக் கூடுதல் உதவி அளிக்கிறது.